ஐயாயிரம் மணிநேரத்தில் தென்படாத விரிசல்

வானூர்திப் பொறியியலும் வானூர்திப் பராமரிப்பும் பயிலும் தமிழ் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்



புதிய நெடுந்தூர விமானம் ஒன்று பயணிகளை ஏற்றத் தொடங்கும் முதல் சில ஆண்டுகளில் அதன் நம்பகத்தன்மை பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணைச் சுற்றியே நடக்கிறது. நூறு புறப்பாடுகளில் எத்தனை, தொழில்நுட்பக் கோளாற்றால் பதினைந்து நிமிடங்களுக்கு மேல் தாமதமாகாமலும் இரத்தாகாமலும் நிகழ்ந்தன என்பதைச் சொல்லும் அவ்வெண் புறப்பாட்டு நம்பகத்தன்மை எனப்படுகிறது. அது 98 விழுக்காடு என்றால் விமானம் இன்னும் பக்குவப்படவில்லை என்றும், 99.5 என்றால் பக்குவப்பட்டுவிட்டது என்றும் தீர்ப்பு எழுதுவது வான்பயணத் துறையிலும் இதழ்களிலும் வழக்கமாகிவிட்டது. ஓரிரு ஆண்டுகளில் பராமரிப்புக் கூடங்களுக்கும் வடிவமைப்பு அலுவலகங்களுக்கும் செல்லவிருக்கும் மாணவர்கள் இத்தீர்ப்பை ஆராயாமல் ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பதே இம்மடல் எழுதப்படுவதன் நோக்கம். அந்த எண் பொய்யன்று. ஆனால் புதிய விமானத்துக்கு நேரக்கூடிய பெருங்கோளாறுகளில் மிகச் சிலவே அதன் கணக்குக்குள் வருகின்றன. போயிங் 787 விமானமும் அதன் இருவகை எஞ்சின்களும் 2011 முதல் கடந்துவந்த பாதையில் இதற்கான சான்றுகள் நிறையக் கிடைக்கின்றன.

ஜப்பானின் ஆல் நிப்பான் ஏர்வேஸ் நிறுவனம் 2004 ஏப்ரலில் 50 விமானங்களுக்குத் தந்த ஆணையோடு தொடங்கிய 787 திட்டம், திட்டமிட்ட நாளுக்கு மூன்று ஆண்டுகளுக்கும் மேல் பிந்தி, 2011 செப்டம்பரில் முதல் விமானத்தை அந்நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அவ்வாண்டு அக்டோபர் 26 அன்று டோக்கியோவிலிருந்து ஹாங்காங்குக்கு அவ்விமானம் முதன்முதலாகப் பயணிகளோடு பறந்தது. முன்னைய விமானங்களிலிருந்து அது பல வகைகளில் விலகியிருந்தது. கட்டமைப்பின் எடையில் பாதி அளவுக்குக் கார்பன் இழைக் கலவைப் பொருள்கள் இடம்பெற்றன. அறைக்குள் காற்றழுத்தம் தருவதற்கும் இறக்கையில் பனி உறையாமல் காப்பதற்கும் எஞ்சினிலிருந்து சூடான அழுத்தக் காற்றை உறிஞ்சும் பழைய முறை கைவிடப்பட்டு, அவ்வேலைகள் மின்சாரத்திடம் ஒப்படைக்கப்பட்டன. அதற்காக எஞ்சின்களில் நான்கு மின்னாக்கிகளும், வாலில் உள்ள துணை மின்னாக்க எஞ்சினில் இரண்டுமாக மொத்தம் 1,450 கிலோவோல்ட்-ஆம்பியர் திறன் நிறுவப்பட்டது. வாங்கும் நிறுவனம் ரோல்ஸ்-ராய்ஸின் டிரென்ட் 1000 எஞ்சினையோ ஜெனரல் எலக்ட்ரிக்கின் ஜென்எக்ஸ் எஞ்சினையோ தேர்ந்துகொள்ளலாம். உடல், மின்னமைப்பு, எஞ்சின் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் புதியவையாக இருந்த இத்தகைய விமானத்தின் தொடக்ககாலம் அமைதியாகக் கழியும் என்று எவரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

சான்றிதழ் பெறுவதற்காக அவ்வகை விமானங்கள் பறந்த சோதனைப் பறப்பு ஐயாயிரம் மணிநேரத்தை ஒட்டியது. கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றும் இவ்வளவு என்ன உறுதியைத் தருகிறது என்பதைப் புள்ளியியல் கற்றவர்கள் எளிதில் கணக்கிடலாம். குறிப்பிட்ட கோளாறு ஒன்று ஐயாயிரம் மணிநேரத்தில் ஒருமுறைகூட நேரவில்லை என்றால், அது ஏறத்தாழ 1,700 மணிநேரத்துக்கு ஒருமுறை என்பதைவிட அடிக்கடி நேராது என்று மட்டுமே 95 விழுக்காடு உறுதியோடு கூற முடியும். கோளாறின்றிக் கழிந்த மணிநேரங்களை மூன்றால் வகுத்துப் பெறும் எளிய விதி இது. ஒரு கோளாறு 1 கோடி மணிநேரத்துக்கு ஒருமுறைதான் நேரும் என்பதைப் பறந்து மட்டுமே மெய்ப்பிக்க வேண்டுமானால் 3 கோடி மணிநேரம் கோளாறின்றிப் பறக்க வேண்டும். எந்தச் சோதனைத் திட்டமும் இதைச் செய்ய முடியாது, செய்யத் தேவையுமில்லை. ஆய்வகச் சோதனை, பாகங்களின் பகுப்பாய்வு, முன் அனுபவம் ஆகியவற்றைக் கோத்து உருவாக்கும் தருக்கத்தின் மீதே சான்றிதழ் நிற்கிறது. ஆகவே புதிய விமானத்தின் முதல் ஆண்டுகளில் சோதனைக்கு உள்ளாவது விமானம் மட்டுமன்று, அத்தருக்கத்தின் ஒவ்வொரு கண்ணியும்தான்.

அக்கண்ணிகளுள் முதலில் அறுந்தது மின்கலத் தொகுதி. தலா எட்டு லித்தியம் அயனி மின்கலங்கள் அடங்கிய இருபெருந் தொகுதிகள் விமானத்தில் இருந்தன. ஒரு கலத்துக்குள் குறுக்குச்சுற்று நேர்ந்தால் அக்கலம் புகையை உமிழக்கூடும், ஆனால் வெப்பம் அண்டைக் கலங்களுக்குப் பரவாது என்றும், புகை உமிழும் நிகழ்வே 1 கோடி பறப்பு மணிநேரத்துக்கு ஒருமுறைக்கும் குறைவாகத்தான் நேரும் என்றும் சான்றளிப்பின்போது கணிக்கப்பட்டிருந்தது. 2013 ஜனவரி 7 அன்று டோக்கியோவிலிருந்து பாஸ்டன் வந்திறங்கிப் பயணிகள் வெளியேறிய பின் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தின் பின்பகுதித் தொகுதி எரிந்தது. ஜனவரி 16 அன்று ஆல் நிப்பான் விமானம் ஒன்று முன்பகுதித் தொகுதியின் புகையால் தகமாட்சு நிலையத்தில் அவசரமாகத் தரையிறங்கியது. அப்போது உலகில் இருந்த 787 விமானங்கள் அனைத்தும் சேர்ந்து பறந்திருந்தது ஒரு லட்சம் மணிநேரத்துக்கும் குறைவு. அமெரிக்கக் கூட்டரசு வான்பயண நிர்வாகம் உடனே தடை விதிக்க, பிற நாடுகளும் அதைப் பின்பற்ற, சேவையிலிருந்த 50 விமானங்களும் தரையில் நின்றன. அவற்றுள் ஆறு ஏர் இந்தியாவினுடையவை. 1979இல் டிசி-10 விமானத்துக்கு விதிக்கப்பட்ட தடைக்குப் பின், ஒரு விமான வகை முழுவதையும் அந்நிர்வாகம் தரையில் நிறுத்தியது அதுவே முதன்முறை.

கலத்துக்குள் குறுக்குச்சுற்று எதனால் தொடங்கியது என்பதை அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமும் ஜப்பானியப் புலனாய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட அறிக்கைகளில் இறுதியாக நிறுவ முடியவில்லை. எனினும், கலத்திலிருந்து கலத்துக்கு வெப்பம் பரவாது என்ற கணிப்பு பிழை என்பது உறுதியாயிற்று. 2013 ஏப்ரலில் ஏற்கப்பட்ட தீர்வு கலங்களுக்கிடையே காப்பை வலுப்படுத்தி, மின்னேற்ற வரம்பைக் குறுக்கி, தொகுதி முழுவதையும் எஃகுப் பெட்டிக்குள் அடைத்து, உள்ளே எது எரிந்தாலும் புகை குழாய் வழியே விமானத்துக்கு வெளியே போகும்படி செய்தது. காரணம் தெரியாத நிலையிலும் விளைவைக் கட்டுப்படுத்தும் இம்முறையைச் சிலர் அரைகுறைத் தீர்வு என்று குறைகூறினர். அக்குறைகூறல் சரியன்று, காரணத்தை முற்றாக அறிய முடியாதபோது எல்லாக் காரணங்களுக்கும் பொதுவான விளைவைத் தடுப்பது பொறியியலின் நேர்மையான வழிகளுள் ஒன்று.

இவ்வரலாற்றில் மாணவர்கள் ஆழ்ந்து நோக்க வேண்டிய செய்தி தீயைவிடச் சிறியது. 2012 மே முதல் டிசம்பர் வரை, அதாவது எவரும் புகையைக் காண்பதற்கு முன்பே, ஆல் நிப்பான் நிறுவனத்தின் பராமரிப்புப் பிரிவினர் 787 விமானங்களில் பத்து மின்கலத் தொகுதிகளை மாற்றியிருந்தனர். எதிர்பாராத அளவுக்கு மின்னேற்றம் தாழ்ந்திருத்தல், சரியாக ஏற்றம் பெறாமை போன்ற காரணங்களுக்காக அவை மாற்றப்பட்டன; விமானத்தை உருவாக்கிய நிறுவனத்துக்கு இது தெரிவிக்கப்பட்டது; ஆனால் பறப்புகளுக்கு இடையூறு நேராததால் அரசின் பாதுகாப்புத் துறைக்கு அறிக்கையிட வேண்டிய நிகழ்வாக அது கருதப்படவில்லை. அம்மாற்றங்களுக்கும் பின்னர் நேர்ந்த தீக்கும் ஒரே காரணம் என்று யாரும் நிறுவவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆயினும் பத்துத் தொகுதிகள் மாற்றப்பட்டன என்ற செய்தி புறப்பாட்டு நம்பகத்தன்மை என்ற கணக்கில் எங்கும் பதியவில்லை. திறமையான பராமரிப்பாளர்கள் இரவோடிரவாகத் தொகுதியை மாற்றி, காலையில் விமானத்தை நேரத்துக்கு அனுப்பினால், அவ்வெண் உயர்கிறதேயன்றித் தாழ்வதில்லை. பராமரிப்புப் பிரிவின் திறமையும் விமானத்தின் குறையும் ஒரே எண்ணுக்குள் கலந்து, முன்னது பின்னதை மறைத்துவிடுகிறது.

எஞ்சின்களின் கதை இதைவிட நீளமானது, வளைவுகளும் மிகுந்தது. நம்பகத்தன்மைப் பாடநூல்கள், கோளாறுகளின் விகிதம் தொடக்கத்தில் உயர்ந்திருந்து, பின் தாழ்ந்து நிலைத்து, பாகங்கள் முதுமையடையும்போது மீண்டும் உயரும் என்ற ஒரு வளைகோட்டைக் காட்டுகின்றன. தொடக்க உயர்வுக்குப் பொதுவாக உற்பத்திக் குறைகளும் பொருத்துதல் குறைகளும் காரணமாகின்றன. 787இன் எஞ்சின்களில் அவ்வகைக் கோளாறுகள் உரிய காலத்திலேயே வந்தன. 2012 ஜூலையில் டிரென்ட் 1000 எஞ்சினின் பற்சக்கரப் பெட்டியில் அரிப்பு கண்டறியப்பட்டதால் ஆல் நிப்பான் ஐந்து விமானங்களை நிறுத்திவைத்தது. அதே மாதம் 28 அன்று, அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில், ஒப்படைப்புக்கு முன் தரையோட்டச் சோதனையில் இருந்த 787 ஒன்றின் ஜென்எக்ஸ் எஞ்சினில் விசிறியோடு இணைந்த நடுத்தண்டு முறிந்தது. ஈரச் சூழலில் இழுவிசைக்கு உட்பட்ட உலோகம் மெல்ல மெல்ல விரிசல் காணும் நிகழ்வு அது. தண்டின் மீது பூசப்படும் உயவுப் பூச்சில் செய்யப்பட்டிருந்த ஒரு மாற்றம் ஐயத்துக்குள்ளாகி, நிறுவனம் பழைய பூச்சுக்கே திரும்பியது. பூச்சு போன்ற சிறு மாற்றங்கள் வரைபடத்தில் ஒரு வரிக்குறிப்பாக மட்டுமே தோன்றுபவை. அவற்றைப் பற்றிக் கேள்வி எழுப்பும் பழக்கம் மாணவப் பருவத்திலேயே ஊன்ற வேண்டியது.

அடுத்து வந்த கோளாறு, விமானம் எங்குப் பறக்கிறது என்பதைப் பொறுத்து அமைந்தது. வெப்பமண்டல இடிமேகங்களின் உச்சியில், பத்துக் கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில், மிக நுண்ணிய பனிப்படிகங்கள் காற்றில் மிதக்கின்றன. குளிர்ந்த இறக்கையில் அவை ஒட்டுவதில்லை. விமானத்தின் ரேடார் திரையிலும் தெளிவாகத் தெரிவதில்லை. ஆனால் எஞ்சினுள் நுழைந்து, கம்ப்ரசர் எனப்படும் காற்றமுக்கியின் இளஞ்சூடான பகுதியில் சற்றே உருகி, அங்குள்ள தகடுகளில் படிந்து உறைந்து, கட்டியாகப் பெயர்ந்து பின்னுள்ள தகடுகளைத் தாக்குகின்றன. 2013இல் ஜென்எக்ஸ் பொருத்திய 747-8 சரக்கு விமானம் ஒன்று சீனாவின் செங்டு வானில் இவ்வாறு பல எஞ்சின்களில் பாதிப்பு கண்டது. அவ்வாண்டு நவம்பரில், இடிமேகங்களிலிருந்து 50 கடல் மைல், அதாவது 90 கிலோமீட்டருக்கும் மேல், விலகிப் பறக்குமாறு ஜென்எக்ஸ் பொருத்திய விமானங்களை இயக்கும் நிறுவனங்களைப் போயிங் எச்சரித்தது. ஜப்பான் ஏர்லைன்ஸ் தில்லி, சிங்கப்பூர்த் தடங்களிலிருந்து தன் 787 விமானங்களை விலக்கிக்கொண்டது. பருவமழைக் காலத்தில் வங்காள விரிகுடாவின் மேல் 50 கடல் மைல் விலகுவது என்பது பல நாள்களில் தடத்தையே கைவிடுவதற்கு ஒப்பாகும் என்பதை இப்பகுதி வானிலையை அறிந்தவர்கள் உணர்வார்கள். எஞ்சினின் கட்டுப்பாட்டு மென்பொருளைத் திருத்தி, படிகங்கள் சேரும் நிலையை உணர்ந்தவுடன் பக்கவாட்டு வால்வுகள் திறந்து அவற்றை வெளியே தள்ளும்படி செய்ததன் மூலம் இக்கோளாறு பெரிதும் தீர்ந்தது.

இதே காலத்தில் புறப்பாட்டு நம்பகத்தன்மை 98 விழுக்காட்டை ஒட்டி நின்றது. அந்த இரண்டு விழுக்காட்டின் சுமை எல்லாருக்கும் ஒரே அளவில் விழவில்லை. நாளொன்றுக்கு இரு புறப்பாடுகள் என்று கொண்டால் ஒரு விமானத்துக்கு ஆண்டுக்கு 730 புறப்பாடுகள். அவற்றில் இரண்டு விழுக்காடு என்பது ஏறத்தாழ 15 தடங்கல்கள். ஐம்பது விமானங்களை ஒரே நிலையத்தில் வைத்திருக்கும் நிறுவனம் மாற்று விமானத்தை அனுப்பிச் சமாளிக்கும். 2013இல் விரல்விட்டு எண்ணத்தக்க 787 விமானங்களோடு நெடுந்தூரச் சேவையைத் தொடங்கிய நார்வேஜியன் நிறுவனத்துக்கு அது இயலவில்லை. கோளாறுகள் தொடர, அது ஏ340 விமானங்களை வாடகைக்கு எடுத்து ஓட்ட வேண்டியதாயிற்று. புது விமானத்தைக் குறைந்த எண்ணிக்கையில் வாங்கி, மாற்று ஏற்பாடின்றி நெடுந்தூரத் தடத்தில் விடும் முடிவு எரிபொருள் சிக்கனக் கணக்கில் எவ்வளவு அழகாகத் தோன்றினாலும் அது பயணிகளின் நாள்களைப் பணயம் வைத்து எடுக்கும் முடிவாகவே முடிகிறது.

2014 மே மாதத்தில் 787 விமானத்துக்கு 330 நிமிட ஈட்டாப்ஸ் அனுமதி கிடைத்தபோது தொடக்ககாலம் கடந்துவிட்டது என்ற எண்ணம் பரவியது. இரண்டே எஞ்சின்கள் உள்ள விமானம், அவற்றுள் ஒன்று நின்றுபோனால், மற்றொன்றைக் கொண்டே எத்தனை நிமிடத்துக்குள் ஒரு விமான நிலையத்தை அடையக்கூடிய எல்லைக்குள் எப்போதும் பறக்க வேண்டும் என்பதை வரையறுக்கும் விதித்தொகுப்பே ஈட்டாப்ஸ். 1985இல் 120 நிமிடமாகத் தொடங்கிய இவ்வெல்லை 180 ஆகவும், பின்னர் அதற்கு மேலும் நீண்டது. எல்லை நீள நீள, பறப்பின் நடுவே எஞ்சின் நின்றுபோகும் விகிதம் குறைந்திருக்க வேண்டும். 180 நிமிடத்துக்கு மேற்பட்ட அனுமதிக்கு, அது ஆயிரம் எஞ்சின் மணிநேரத்துக்கு 0.01 என்ற அளவில், அதாவது ஒரு லட்சம் மணிநேரத்துக்கு ஒன்று என்ற அளவில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு 4,500 மணிநேரம் ஓடும் எஞ்சின் ஒன்று இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒருமுறை நின்றுபோகலாம் என்பது இதன் பொருள். மனிதர் செய்த எந்திரங்களில் இத்தகைய எதிர்பார்ப்புக்கு ஈடுகொடுப்பவை மிகக் குறைவு. இத்துறையில் உழைப்போர் பெருமை கொள்ளத்தக்க உயரம் அது.

ஆனால் பெருங்கோளாறு அதற்குப் பின்னரே வந்தது. டிரென்ட் எஞ்சினில் தாழழுத்தம், இடையழுத்தம், உயரழுத்தம் என மூன்று தண்டுகள் ஒன்றனுள் ஒன்றாகத் தனித்தனி வேகத்தில் சுழல்கின்றன. ஒவ்வொரு தண்டிலும் முன்னே காற்றமுக்கியும் பின்னே, எரிந்த வாயுவால் சுழலும் டர்பைனும் உண்டு. 2016 பிப்ரவரியில் தொடங்கி அவ்வாண்டு ஆகஸ்டு வரை ஆல் நிப்பான் விமானங்கள் மூன்றில் இடையழுத்த டர்பைனின் தகடு உடைந்தது. எரிபொருளிலும் காற்று மாசிலும் உள்ள கந்தகம், கடற்காற்றின் உப்போடு சேர்ந்து, தகட்டின் காப்புப் பூச்சைத் தின்று உலோகத்தில் நுண்குழிகளை உண்டாக்கியிருந்தது. ஒவ்வொரு புறப்பாட்டிலும் சூடாகி விரிந்து, ஒவ்வொரு தரையிறக்கத்திலும் குளிர்ந்து சுருங்கும் தகட்டில், அக்குழிகளிலிருந்து உலோகச் சோர்வு விரிசல்கள் வளர்ந்தன. ஆல் நிப்பானே முதலில் இதைச் சந்தித்தது தற்செயலன்று. முதல் விமானங்களைப் பெற்றது அந்நிறுவனம். நெடுந்தூரத்துக்கென உருவான விமானத்தை ஜப்பானின் உள்நாட்டுக் குறுந்தடங்களிலும் அது இயக்கியது. எனவே புறப்பாடு-தரையிறக்கச் சுற்றுகள் அதன் எஞ்சின்களில் மற்றெவரைவிடவும் வேகமாகச் சேர்ந்தன. தன் 50 விமானங்களின் 100 எஞ்சின்களிலும் தகடுகளை மாற்ற மூன்று ஆண்டுகள் வரை ஆகலாம் என்று அந்நிறுவனம் அறிவித்தது.

மற்றவர்களுக்கு அது முன்னறிவிப்பாக இருந்திருக்க வேண்டும். 2017 டிசம்பர் 5, 6 ஆகிய அடுத்தடுத்த நாள்களில் ஆக்லாந்திலிருந்து புறப்பட்ட ஏர் நியூசிலாந்து விமானங்கள் இரண்டு எஞ்சின் கோளாற்றால் திரும்ப நேர்ந்தது. இதற்கிடையே வேறொரு குறையும் வெளிப்பட்டது. எஞ்சினின் ஒரு குறிப்பிட்ட பதிப்பில், இடையழுத்தக் காற்றமுக்கியின் முதலிரு வரிசைத் தகடுகள் சில ஓட்ட நிலைகளில் ஒத்ததிர்வு கொள்வதாகத் தெரிந்தது. வெளியிலிருந்து வரும் அதிர்வின் வேகமும் பொருளின் இயல்பான அதிர்வு வேகமும் ஒன்றும்போது அதிர்வு பெருகி உலோகத்தைச் சோர்வடையச் செய்வதே ஒத்ததிர்வு. ஓர் எஞ்சின் நின்றபின், எஞ்சிய ஒன்று உயர்ந்த உந்துவிசையோடு தாழ்ந்த உயரத்தில் மணிக்கணக்காக ஓடும் நிலையில்தான் அந்த அதிர்வு கூடுதலாக எழக்கூடும் என்பது பகுப்பாய்வில் தெரியவந்தபோது, 2018 ஏப்ரலில் ஏறத்தாழ 380 எஞ்சின்களைப் பாதிக்கும் வகையில் ஈட்டாப்ஸ் எல்லை 330 நிமிடத்திலிருந்து 140 நிமிடமாகக் குறைக்கப்பட்டது. இரு எஞ்சின்களின் தோல்விகள் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்பதே ஈட்டாப்ஸ் விதிகளின் அடித்தளம். ஒன்றின் நிறுத்தமே மற்றொன்றைத் தன் பலவீனமான நிலைக்குத் தள்ளுமானால் அவ்வடித்தளம் தளர்கிறது. நிற்கும் விகிதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவ்விகிதம் இதைக் காட்டாது. நம்பகத்தன்மைப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் சார்பின்மை என்ற கருத்தை விளக்க இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை.

அதன் விளைவுகள் சிறியவையல்ல. பல நிறுவனங்களின் 787 விமானங்கள் எஞ்சினின்றி நிறுத்தப்பட்டன. ஒரு கட்டத்தில் அவ்வெண்ணிக்கை நாற்பதைக் கடந்தது. பறந்த மணிநேரத்துக்கேற்ப வாங்கியவர் கட்டணம் செலுத்த, பழுதுநீக்கத்தின் செலவை உருவாக்கியவரே ஏற்கும் ஒப்பந்த முறை ரோல்ஸ்-ராய்ஸிடம் இருந்ததால், 2017 முதல் 2023 வரை இக்கோளாறுகளுக்காக ஏறத்தாழ 240 கோடி பவுண்டு செலவாகும் என்று அந்நிறுவனம் 2019இல் மதிப்பிட்டது. மேம்படுத்தப்பட்ட பதிப்பாக 2017 இறுதியில் சேவைக்கு வந்த டிரென்ட் 1000 டென் எஞ்சினும் தப்பவில்லை. அதன் உயரழுத்த டர்பைன் தகடுகள் எதிர்பார்த்ததைவிட விரைவாகத் தேய, 2019 ஏப்ரலில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் 787-10 விமானங்கள் இரண்டைச் சேவையிலிருந்து விலக்கியது. அவ்வகை விமானம் முதன்முதலாக அந்நிறுவனத்துக்கு ஒப்படைக்கப்பட்டு அப்போது ஓராண்டே கழிந்திருந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 10 அன்று ரோமிலிருந்து புறப்பட்ட நார்வேஜியன் 787 ஒன்றின் டிரென்ட் எஞ்சினிலிருந்து உதிர்ந்த உலோகத் துண்டுகள் ஃபியூமிச்சினோ குடியிருப்புகளின் மேல் விழுந்தன.

இவற்றைச் சொல்லும்போது அகமதாபாத்தில் 2025 ஜூன் 12 அன்று 787 விமான விபத்தில் நேர்ந்த பேரிழப்பு இந்திய வாசகர் எவர் நெஞ்சிலும் எழாமல் இருக்காது. அவ்விமானம் பதினோர் ஆண்டுகளுக்கு மேல் சேவையில் இருந்தது. அந்நிகழ்வைத் தொடக்ககாலக் கோளாறுகளோடு இணைத்துப் பேசுவதற்கு எந்த ஆதாரமும் முன்வைக்கப்படவில்லை. இறந்தோருக்குச் செலுத்தும் மரியாதை, ஊகத்தைத் தவிர்ப்பதில் தொடங்குகிறது.

புதிய எஞ்சின்கள் தொடக்கத்தில் துன்புறுத்துவது நம் காலத்தின் சீர்கேடு என்றும் மாணவர்கள் எண்ண வேண்டியதில்லை. 1970 ஜனவரியில் போயிங் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குச் சென்ற முதல் வாணிபப் பறப்பே எஞ்சின் சூடேறியதால் மணிக்கணக்கில் தாமதமாகி, மாற்று விமானத்தைக் கொண்டு நடத்தப்பட்டது. அதன் எஞ்சின் உறை, உந்துவிசையின் கீழ் வட்ட வடிவம் குலைந்து நீள்வட்டமாக நெளிந்ததால், போயிங்கின் எவரெட் தொழிற்சாலைக்கு வெளியே எஞ்சினற்ற விமானங்கள் வரிசையாக நின்றன. அக்கோளாறுகள் சேவையின் முதல் வாரத்துக்குள்ளேயே கண்ணில் பட்டுவிட்டன. டிரென்ட் தகடுகளின் கோளாறோ நான்கைந்து ஆண்டுகள் மறைந்திருந்தது. எரிபொருள் சிக்கனத்துக்காக வெப்பமும் அழுத்தமும் உயர உயர, எஞ்சின்கள் பறப்பிடையில் நிற்பது குறைந்து, இறக்கையில் அவை நீடிக்கும் காலமே சிக்கலாகியிருக்கிறது. அதாவது, முதல் மூன்றாண்டு எண்களைப் பார்த்துத் தீர்ப்பு எழுதும் பழக்கம், கோளாறுகள் முதல் வாரத்தில் வெளிப்பட்ட ஒரு காலத்துக்கு உரியது.

பிறர் பிழையிலிருந்து விரைவாகக் கற்க முடியும் என்பதற்கும் இதே வரலாற்றில் சான்று உண்டு. 787 தடையின்போது சோதனைப் பறப்பைக்கூடத் தொடங்கியிராத ஏர்பஸ் ஏ350, லித்தியம் அயனித் தொகுதிகளை விட்டு, நிக்கல்-காட்மியம் தொகுதிகளோடு சேவைக்கு வருவது என 2013 பிப்ரவரியிலேயே முடிவெடுத்தது. புதிய தொழில்நுட்பத்தை முற்றாகக் கைவிடாமல், அதற்குரிய அறிவு திரண்ட பின் மீண்டும் கைக்கொண்டது. 2015 ஜனவரியில் கத்தார் ஏர்வேஸோடு தோஹாவிலிருந்து ஃபிராங்ஃபர்ட்டுக்குப் பறக்கத் தொடங்கிய ஏ350-900, மின்கலத் தொகுதிகளை முன்னிட்டு அத்தகைய தடை எதையும் சந்திக்கவில்லை. அதன் பெரிய உடன்பிறப்பான ஏ350-1000இன் எஞ்சின், வளைகுடாவின் வெப்பத்திலும் மணற்காற்றிலும் போதிய காலம் இறக்கையில் நீடிக்காது என்று எமிரேட்ஸ் தலைவர் டிம் கிளார்க் 2023இல் துபாயில் வெளிப்படையாகக் கூறியதும், அவ்விமானத்தை வாங்குவதைத் தள்ளிப்போட்டதும் இதே பாடத்தின் மறுபக்கம். வாங்குபவர் தன் ஊரின் காற்றைக் கணக்கில் எடுத்துக் கேட்ட கேள்வி அது. சென்னையின் உப்புக்காற்றிலும் தில்லியின் குளிர்காலப் புகையிலும் இயங்கும் நிறுவனங்கள் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே.

இம்மடல் மாணவர்களிடம் எதிர்பார்ப்பவை சில. எந்த நம்பகத்தன்மை எண்ணைக் கண்டாலும் அதில் என்ன எண்ணப்பட்டது, என்ன விடப்பட்டது, எத்தனை சுற்றுகள் சேர்ந்த எஞ்சின்களிடமிருந்து அது வந்தது என்று கேட்க வேண்டும். பராமரிப்புக் கூடத்தில் ஒரு பாகத்தை மாற்றியபின், விமானம் நேரத்துக்குப் புறப்பட்டுவிட்டது என்பதற்காகப் பதிவை இரண்டு சொற்களில் முடித்துவிடக் கூடாது. கழற்றிய பாகம் எந்நிலையில் இருந்தது, எவ்வளவு மின்னேற்றம் காட்டியது, எத்தனை மணிநேரம் உழைத்தது என்பதெல்லாம் எழுதப்பட்டால்தான் பத்துத் தனித்தனி மாற்றங்கள் ஒரு போக்காகத் தெரியவரும். போரஸ்கோப் எனப்படும் உள்நோக்குக் கருவியை எஞ்சினுக்குள் செலுத்தித் தகடு தகடாகப் பார்ப்பவர் களைப்பூட்டும் வேலையைச் செய்கிறார் என்பது உண்மை. டிரென்ட் தகடுகளின் விரிசல்களுள் பல, பறப்பில் உடையும் முன் அத்தகைய கண்களாலேயே பிடிபட்டன என்பதும் உண்மை. விமான நிறுவனங்களும் உருவாக்குவோரும் பாகவாரியான நம்பகத்தன்மைத் தரவுகளை வாணிப இரகசியமாகப் பூட்டிவைக்கும் வழக்கம் மாற வேண்டும் என்று வாதிடும் துணிவும் இத்தலைமுறைக்கு வேண்டும். ஒரு நிறுவனத்தின் இரவுப் பணியில் தெரிந்த குறை அடுத்த நிறுவனத்துக்கு மாதக்கணக்கில் தெரியாமலிருப்பதற்குப் பயணிகளின் நலன் சார்ந்த நியாயம் எதுவும் இல்லை. இதற்கிடையே, பாஸ்டன் தீ பற்றிய அமெரிக்க வாரியத்தின் அறிக்கையும், சார்ல்ஸ்டன் தண்டு பற்றியதும், ஆக்லாந்து நிகழ்வுகளைப் பற்றிய நியூசிலாந்துப் புலனாய்வும் எவரும் படிக்கும்படி வெளியிடப்பட்டிருக்கின்றன. பாடத்திட்டத்தில் இல்லை என்பது அவற்றைப் படிக்காமலிருக்கக் காரணமாகாது.

டிரென்ட் 1000 டென் எஞ்சினுக்கான புதிய உயரழுத்த டர்பைன் தகடு 2025இல் சான்றிதழ் பெற்றது. எஞ்சின் இறக்கையில் நீடிக்கும் காலத்தை அது இரு மடங்குக்கு மேல் உயர்த்தும் என்று உருவாக்கியோர் கூறுகின்றனர். அக்கூற்று மெய்யா என்பதைச் சான்றிதழ் சொல்லிவிடாது. அத்தகடுகளில் சில ஆயிரம் சுற்றுகள் சேரும் ஆண்டுகளில், கையில் விளக்கோடு எஞ்சினுக்குள் நோக்கப்போகும் தொழில்நுட்பர்களே சொல்வார்கள். இன்று மூன்றாம் ஆண்டில் பயிலும் மாணவர்கள் அப்போது அப்பணியில் இருப்பார்கள்.